முறம் எடுக்கப் போன ரதி

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஹௌராவுக்கு அக்கரையில், டாக்குரியாவில், அண்டை வீட்டு நீலாவதி மாமியின் கொலுவுக்கு முதன்முதல் போனபோது, வந்தவர்கள் பொம்மைகளின் முன் வைத்திருந்த அட்டைகளில் ஆளுக்கொன்றை எடுத்து உரக்கப் படித்தார்கள். என் முறை வந்ததும் மாமி, "படிச்சது போரும், நீ ஒரு பாட்டுப் பாடேன்" என்று என் கையிலிருந்த அட்டையை வாங்கிக்கொண்டார். மறுநாள் பெரிய எழுத்தில் ஓர் அட்டை எனக்கென்று இருந்தது.

அட்டைகளில் இருந்தவை கல்லறைப் பாட்டுகள். புராணத்தில் காதலித்துக் கெட்டவர்களுக்கு கல்லறையில் பொறிப்பதுபோல மாமியே கேலியாக எழுதியவை. 'முனிவர் சாபம் மறக்கவில்லை பாண்டு. மாத்ரி பூ வைத்து வந்தாள், மறந்துவிட்டான்.' துறைமுக ஆபீஸில் வேலை பார்த்த மாமா மஹாதேவன் கண்ணில் நீர் வரச் சிரிப்பார். எனக்குத்தான் பயம்.

"தெய்வ குத்தமாயிடாதா மாமி?"

"தெய்வத்துக்கும் சிரிப்பு வேண்டாமாடி? நீ தினம் அழுதுண்டேன்னா கும்பிடறே!"

தொண்ணூற்றாறில் மாமா தூக்கத்திலேயே போய்விட்டார். அந்த வருஷம் கொலு இல்லை. மாமி இனிப் பேனாவைத் தொடுவாரா, சிரிப்பாரா என்று தவித்து, தினமும் காளியிடம் வேண்டிக்கொண்டேன். மறு வருஷம் மகாளயம் கழிந்ததும், "வாடி, பெட்டியை இறக்கணும்" என்று கூப்பிட்டார்.

பொம்மைகளைத் துடைக்கையில் மன்மதன் அட்டை கைக்கு வந்தது. புருஷனை இழந்த ரதியை இவர் கண்ணில் காட்டலாமா? இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"ரதி எங்கேடி?"

"எலி தின்னிருக்கும் மாமி."

"தின்னுட்டு உனக்குத் திருட்டு முழியை வச்சுட்டுப் போயிடுத்தாக்கும். எடு."

கொடுத்தேன். உரக்கப் படித்தார்.

'கரும்பு வில்லை வளைத்தான்,
அரும்பு மீசையும் கருகினான்.
ஒரு பிடிச் சாம்பல், ஊதாதீர்:
முறம் எடுக்க ரதி போயிருக்கிறாள்.'

சுவரிலிருந்த மாமா படத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"எழுதினப்போ கேலின்னு நினைச்சேன். அவ என்ன அவசரமா ஓடியிருப்பான்னு இப்பன்னா தெரியறது."

அட்டையை முதல் படியின் நடுவில் வைத்தார். பிறகு பேனா கேட்டார். சாயங்காலத்துக்குள் புதிதாக இரண்டு எழுதி, இரண்டாவதுக்குத் தானே சிரித்தும்விட்டார். நான் பூஜையறைக்குப் போய் விழுந்து கும்பிட்டேன்.

இரண்டாயிரத்து மூன்றில் மாமி, மகள் ஹம்சினியோடு இருக்கப் பெங்களூருக்குக் கிளம்பினார். அன்றைக்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவேயில்லை. ஹௌராவில் ரயில் ஜன்னலருகே, கண்ணீர் தெரியாமலிருக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். மாமி கம்பி வழியாகக் கையை நீட்டி என் தாடையைத் தன் பக்கம் திருப்பினார்.

"அழறதானா வண்டி நகரறதுக்குள்ள அழுதுடுடி. அப்புறம் அழுதா யாரு தேத்தறது?"