ஐந்து கேட்டேன், இருபது கிடைத்தது

புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று தெரிந்தபோது எனக்கு வயது அறுபத்தாறு. கார்டன் ரீச்சில் ரயில்வே அலுவலகத்தில் காலம் தள்ளிவிட்டு, ஓய்வுக்குப் பின் பெஹாலாவில் வீட்டோடு இருந்தேன். ஆரம்ப நிலைதான், அறுவை வேண்டாம், கதிர்வீச்சு போதும் என்று டாக்டரம்மா சொன்னதும் பாதி பயம் போய்விட்டது. மீதி பாதியை என் மனைவி கேள்விகளாக ஒரு நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

டாக்டரம்மா எல்லாவற்றுக்கும் வங்காள மொழியில் பொறுமையாகப் பதில் சொன்னார். கடைசியில், "வழக்கமா இருபது தடவை கொடுப்போம், வாரத்துல அஞ்சு நாள். ஒவ்வொரு தடவையும் அளவைக் கூட்டி, அஞ்சே தடவையில முடிச்சா அதே பலன் கிடைக்குமான்னு ஒரு ஆய்வு நடக்குது. சேர்றீங்களா?" என்று கேட்டார்.

"சேர்றேன். எனக்கு அஞ்சு போதும்."

அவர் சிரித்தார். "அதை நீங்களும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. யார் எந்தக் குழுன்னு கம்ப்யூட்டர்தான் பிரிக்கும். பிடிக்கலைன்னா எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம். சிகிச்சை நிக்காது."

படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். துர்கா பூஜைக்கு ஆறு வாரம் இருந்தது. அதற்குள் ஐந்தையும் முடித்துவிட்டுப் பந்தல் பந்தலாகச் சுற்றலாம் என்று மனதுக்குள் முடிவே செய்துவிட்டேன். பூஜை நடத்தும் எங்கள் பேட்டை கிளப்பிலும் சொல்லிவைத்தேன்.

இரண்டு நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. நான் இருபது தடவைக் குழு.

அன்று மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை. "விலகிடப் போறேன்" என்றேன்.

"விலகினா மட்டும் அஞ்சு கொடுப்பாங்களா? அப்பவும் இருபதுதான்" என்றாள் மனைவி. "ஏங்க, ரெண்டு பக்கமும் ஆள் இருந்தாத்தானே ஒத்துப் பாக்க முடியும்? எல்லாரும் அஞ்சுலயே போய் உக்காந்தா எது நல்லதுன்னு எப்படித் தெரியும்? போய் ஒழுங்கா இருபதையும் முடிச்சிட்டு வாங்க."

தேதி கேட்க ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன்.

சிகிச்சை என்னவோ சில நிமிடங்கள்தான். வலி இல்லை, சூடுகூட இல்லை. பாடு எல்லாம் அதற்கு முன்புதான். போனவுடன் சிறுநீர் கழித்துவிட்டு, அளந்து தண்ணீர் குடித்து, முக்கால் மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் குடலும் மற்றதும் கதிர் படாமல் விலகி இருக்குமாம். ஆகவே அந்தக் காத்திருப்பு அறையில் எப்போதும் நாலைந்து கிழவர்கள், கையில் பாட்டிலுடன், காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். யாராவது ஜோக் சொன்னால் மற்றவர்களுக்குக் கோபம் வரும். சிரித்தால் ஆபத்து.

அங்கேதான் ஹௌரா பக்கத்துச் சாந்த்ராகாச்சிக்காரர் அறிமுகமானார். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர், என் வயதுதான். ரயில்வே என்றதுமே ஒட்டிக்கொண்டோம். அவரும் அதே ஆய்வில் இருந்தார், ஆனால் ஐந்து தடவைக் குழு.

"தாதா, நான் எக்ஸ்பிரஸ், நீங்க பாசஞ்சர்" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார். எனக்கு எரிச்சலாக இருந்தது. அடுத்த நிமிஷம் எல்லாரும் சிரித்துவிட்டோம். ஒருவர் எழுந்து ஓடினார்.

ஒருநாள் இயந்திரம் மக்கர் செய்தது. "இன்னும் அரை மணி, காகு" என்றாள் இயந்திரத்தை இயக்கும் பெண். காகு என்றால் சித்தப்பா. எத்தனை அன்பாகக் கூப்பிட்டாலும் அரை மணி அரை மணிதானே. நான் வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். சாந்த்ராகாச்சிக்காரர் பக்கத்தில் நடந்தபடி ஒவ்வொரு ஸ்டேஷன் பெயராகச் சொல்லிக்கொண்டு வந்தார், அதிலே கவனம் போகட்டும் என்று. ஹௌராவில் ஆரம்பித்தது, கரக்பூர் தாண்டுவதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அவருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று இரண்டு வாரத்துக்குள் ஐந்தும் முடிந்தது. கடைசி நாளில் எல்லாருக்கும் சந்தேஷ் இனிப்பு கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் அந்த அறைக்குள் நுழையவே அலுப்பாக இருந்தது. அவருக்குச் சில நாள் சிறுநீர் போகும்போது எரிச்சல் இருந்ததாம், போனில் சொன்னார். எனக்கும் மூன்றாவது வாரத்தில் அது வந்தது. இரண்டையும் ஆய்வுத் தாளில் குறித்துக்கொண்டார்கள்.

என் இருபதாவது நாள் பூஜைக்கு முந்தின வெள்ளிக்கிழமை. தெருவெல்லாம் பந்தலுக்கு மூங்கில் கட்டி, வண்டி நகரவே இடமில்லை. ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தால், அறையில் சாந்த்ராகாச்சிக்காரர் உட்கார்ந்திருக்கிறார்! கையில் பாட்டில், கால் பின்னியிருந்தது.

"என்ன தாதா, உங்களுக்கு மறுபடியுமா?" பதறிப்போனேன்.

"இல்லை இல்லை. உங்க கடைசி நாளாச்சே. நீங்க தனியா அடக்கிட்டு உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்? நானும் குடிச்சிட்டேன்."

கூட வந்திருந்த என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். இயந்திரத்தை இயக்கும் பெண் வந்து பார்த்து, "காகு, உங்களுக்குப் பைத்தியமா?" என்று அவரைத் திட்டினாள். அவர் அசையவில்லை. நான் உள்ளே போய், படுத்து, முடித்து வெளியே வரும்வரை உட்கார்ந்திருந்தார். அப்புறம் இரண்டு பேரும் ஒன்றாகக் கழிப்பறைக்கு ஓடினோம். அந்த வயதில் அப்படி ஓடியது எங்களுக்கே ஆச்சரியம்.

ஆறு மாதம் கழித்து இரண்டு பேருடைய ரத்தப் பரிசோதனையும் நன்றாக வந்தது. "அப்ப எது ஜெயிச்சது டாக்டர்?" என்று கேட்டேன்.

"உங்க ரெண்டு பேரை வச்சு சொல்ல முடியுமா? இன்னும் பல வருஷம் எல்லாரையும் பாத்துட்டுத்தான் சொல்லணும். அதனால ரெண்டு பேரும் தவறாம வரணும்."

"அவ்வளவு வருஷம் நாங்க இருப்போம்னு எழுதிக் கொடுத்த மாதிரி ஆச்சு" என்றார் சாந்த்ராகாச்சிக்காரர். டாக்டரம்மா அடுத்த தேதியை எங்கள் இருவருக்கும் ஒரே நாளாகப் போட்டுக் கொடுத்தார்.