புள்ளத்தாச்சி பார்க்கக் கூடாத படம்

பிளவுஸ் தைக்கக் குடுக்க வர்ற பொம்பளைக எல்லாரும் டிவியப் பாத்துட்டு ஒரே கேள்வியத்தான் கேக்குறாக. "ஏந்தாயி, இந்தக் கருமத்தையா பாத்துக்கிட்டு இருக்க?" கேட்டதோட விடுறதுமில்ல. அளவெடுத்து முடிக்கிற வரைக்கும் கண்ண எடுக்காமப் பாத்துட்டு, "அந்தச் செத்தவ அப்புறம் என்ன ஆனா?"ன்னு மிச்சக் கதையையும் கேட்டுட்டுத்தான் போவாக. பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போச்சு. இப்பல்லாம் டேப்பக் கழுத்துல போட்டுக்கிட்டு, "கைய நீட்டுங்க மதினி"ன்னு மட்டும் சொல்றேன்.

அபிராமத்துக்குப் பக்கத்துல ஒரு கிராமம் எங்களுது. மழை பேஞ்சா நெல்லு, பேயாட்டி மிளகா, அதுவும் பொய்ச்சா கருவேலம். வீட்டுல மூணு பேரு: நான், எங்க வீட்டுக்காரவுக, அவுகளப் பெத்த எங்க அத்தை. பிள்ளை இல்ல. தையல் மிஷினுக்கு நேரெதிர டிவி இருக்கு. ஓரம் மடிச்சு அடிக்கவும் கொக்கி வைக்கவும் பாதிக் கண்ணு போதும். மீதிக் கண்ணுக்கு ஒரு படம் வேணும், அவ்வளவுதான்.

பெரிய படம் எனக்கு ஆகாது. எந்த ஊருலயும் ஓடாம, எவனும் பேரு சொல்லாமப் போன பேய்ப்படமும் விண்வெளிப் படமும்தான் நமக்கு. மத்தியானம் அத்தை தூங்குவாக, அதனால சத்தத்த மொத்தமாக் குறைச்சு வச்சுத்தான் பாப்பேன். அப்படிப் பாத்தும் பயம் வந்தா அது நல்ல பேய்ப்படம். மத்ததெல்லாம் கதவுக்குப் பின்னாடி நின்னு 'பே'ன்னு கத்துற வேலை.

கறுப்பு வெள்ளையில ஒரு படம். ஒருத்தி வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர்றா. அவ நிழலு அவளுக்கு முன்னாடியே வந்து நாற்காலியில உக்காந்திருக்கு. நாள் போகப் போக புருசன் அந்த நிழலோட பேசிப் பழகிடுறான். ஒருநாள் நெசமானவ வந்து நிக்கையில, "யாரு வேணும்?"னு கேக்குறான். ரத்தம் ஒரு சொட்டு கிடையாது. ஆனா அன்னைக்கு நான் ஒரு பிளவுசுக்கு இடது கையையும் வலது கையையும் மாத்தித் தச்சுப்புட்டேன். எங்கயாச்சும் கிடைச்சா பாருங்க.

இந்தக் கிறுக்க எனக்குப் பிடிக்க வச்சதே வீட்டுக்காரவுகதான். மினி லாரி ஓட்டுறாக. மிளகா மூட்டைய பரமக்குடியில இறக்கிட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு செல்ஃபோன் கடையில பென்டிரைவ்ல படம் ஏத்திக்கிட்டு வருவாக. கேட்ட படம் நாலுன்னா கேக்காத படம் பத்து சேந்து வரும். அந்தப் பத்துலதான் சரக்கு இருக்கும். அவுகளுக்குப் பாக்க ஆசை உண்டு, தைரியம் கிடையாது. மீசை என்ன, லாரி என்ன, பேய் வந்ததும் என் முந்தானைய இழுத்து மூஞ்சில போட்டுக்குவாக. "போயிருச்சா? போயிருச்சா?"ன்னு உள்ளயிருந்து கேப்பாக. போகாமயே "போயிருச்சு"ன்னு சொல்லி எத்தனை தடவை ஏமாத்தியிருக்கேன்! கல்யாணமான மொத ரெண்டு வருசம் நாங்க சந்தோஷமாத்தான் இருந்தோம்.

மூணாம் வருசம் உண்டானேன். புள்ளத்தாச்சி பயப்படக் கூடாது, அகோரமான எதையும் கண்ணால பாக்கக் கூடாதுன்னு அத்தை கறாராச் சொல்லிட்டாக. எங்க பக்கம் எல்லா வீட்டுலயும் சொல்றதுதான். நானும் சரின்னேன். மூணாம் மாசம் ஒருநாள் அத்தை எழவு விசாரிக்க ஒரு கேத வீட்டுக்குப் போயிருந்தாக. புள்ளத்தாச்சி கேதத்துக்கும் போகக் கூடாதுன்னு நான் வீட்டுல. வீட்டுக்காரவுக கண்ணச் சிமிட்டிக்கிட்டே பென்டிரைவ எடுத்து டிவியில மாட்டினாக.

விண்கலத்துல எல்லாரும் செத்துப்போயி சமையக்காரர் மட்டும் மிஞ்சுறாரு. பழக்க தோசத்துல அவரு தினமும் பத்துத் தட்டு வச்சு, பத்துப் பேருக்கும் பரிமாறி, ஆறிப்போனதும் எடுத்துக் கொட்டுவாரு. காசில்லாம எடுத்த படம்னு பாத்ததும் தெரியும். கப்பல் செவுரு பூராம் முட்டை அட்டை, வெள்ளிப் பெயின்ட் அடிச்சு வச்சிருக்காங்க. அதப் பாத்து நாங்க சிரிச்சுக்கிட்டே இருந்தோம். அப்ப ஒருநாள் அவரு தட்டெடுக்க வர்றாரு. ஒம்போது தட்டு அப்படியே இருக்கு. ஒண்ணு மட்டும் வழிச்சுத் தின்ன மாதிரி சுத்தமா இருக்கு.

"ஆத்தாடி!"ன்னு வீட்டுக்காரவுக போட்ட சத்தத்துல தண்ணிச் செம்பு உருண்டு ஓடுச்சு. நான் பயப்படல. அவுக முழிச்ச முழியப் பாத்து வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன். கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சேன்.

மறுநா காலையில ரத்தம் பட்டுச்சு. பரமக்குடி ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. "இந்த மாசத்துல இப்படி ஆகுறது உண்டும்மா. நீங்க எதுவும் செஞ்சதால இல்ல"ன்னு டாக்டரம்மா என் கையப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாங்க. நல்ல மனுசி. ஆனா அத எங்கிட்ட மட்டும் சொன்னாங்க.

வீட்டுக்கு வந்தா டிவி ஓரத்துல பென்டிரைவ் சொருகினபடியே இருக்கு. அத்தை அதப் பாத்தாக, என்னப் பாத்தாக. "பாத்தியா?"ன்னாக. "பாத்தேன்"னேன். வீட்டுக்காரவுக வாசல் முத்தத்துல நின்னாக. 'நான்தாம்மா போட்டேன், நானும்தான் கூட உக்காந்து பாத்தேன்'னு ஒரு சொல்லு போதும். அவுக லாரி டயரப் பாத்துக்கிட்டே நின்னாக. மனுசன் என்ன மனுசன்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த டயரையே கிழிச்சிருப்பேன், எந்திரிச்சு நிக்கத்தான் தெம்பில்ல.

"பேய்ப்படம் பாத்து வயித்துப் பிள்ளையக் கலைச்சுப்புட்டா"ன்னு ரெண்டு நாளுல ஊரு பூராம் பேச்சு. குழாயடியில நான் போனா பேச்சு நிக்கும், குடத்தத் தூக்கினா தொடங்கும். நான் அழல. அழ விடல. ஒரு தடவை கண்ணு கலங்கினதுக்கு, "பாக்கையில இனிச்சுச்சு, இப்ப எதுக்கு அழுகுற?"ன்னு அத்தை கேட்டுட்டாக. அதுவும் நியாயந்தானேன்னு நெனச்சுட்டேன். கொன்னவளே ஒப்பாரி வச்சா யாரு கேப்பா?

ஒரு அமாவாசைக்கு அத்தை என்ன மாரியூருக்குக் கூட்டிக்கிட்டுப் போனாக. ரெண்டு பஸ் மாறிப் போனோம். கடல்ல முங்கி, ஈரச் சேலையோட கோயில் சந்நிதியில நின்னு, பிள்ளை பிறக்கிற வரைக்கும் அந்த மாதிரிப் படம் கண்ணால பாக்க மாட்டேன்னு நேந்துக்கிட்டேன். வீட்டுக்காரவுகளுக்கு யாரும் எந்த நேத்திக்கடனும் வைக்கல. திரும்பி வர்றப்ப பஸ்ஸுல சேலை உப்புப் பூத்து ஒடம்பு பூராம் அரிச்சுச்சு. வீட்டுக்கு வந்ததும் அத்தை டிவிமேல ஒரு துண்டப் போட்டு மூடிட்டாக.

அப்புறம் ஒண்ணரை வருசம். டாக்டரம்மா சொன்னது ஒரு காதுல கேக்கும், அத்தை சொன்னது மறு காதுல கேக்கும். பகல்ல டாக்டரம்மா பக்கம் இருப்பேன். படுத்தா அத்தை பக்கம் போயிருவேன். பி.ஏ. படிச்சவதான் நான், என்ன பிரயோசனம்? அந்தச் சிரிப்பு, அந்த உலுக்கல், அதுலதான் கழண்டிருக்கும்னு வயித்துல கைய வச்சு எத்தனையோ நாளு கணக்குப் போட்டிருக்கேன். நம்பினேன். வேற எப்படிச் சொல்ல? நான்தான் கொன்னேன்னு முழுசா நம்பினேன்.

மறுபடி உண்டானப்ப சொன்னது எல்லாத்தையும் கேட்டேன். மிஷின மிதிக்கல. டிவித் துண்டத் தொடல. ஊரு எல்லையில கண்ண உருட்டிக்கிட்டு நிக்கிற முனியய்யா செலைப் பக்கம் தலை குனிஞ்சு போனேன். காலண்டருல ஒரு கொழுகொழு பிள்ளைப் படம், தினமும் காலையில அத மட்டும் பாத்தேன். சத்தமாச் சிரிக்கக்கூட இல்ல. வீட்டுக்காரவுக பூனை மாதிரி நடந்தாக. நாலு மாசம் தாண்டுச்சு. அத்தை மொகத்துலயே ஒரு களை வந்துருச்சு. எனக்குப் புளி போட்ட மீன் கொழம்பு வேணும்னு சொன்ன மறுநிமிசம் மீன்காரம்மாவத் தேடி ஓடுனாக.

அஞ்சாம் மாசம் அதுவும் போச்சு.

அதே ஆஸ்பத்திரி, அதே வார்டு. கண்ணு முழிச்சப்ப அத்தை கட்டிலுக்குப் பக்கத்துல தரையில உக்காந்திருந்தாக. வீட்டுக்காரவுக ஜன்னலோரம் நின்னாக. அப்புறம் அத்தை என் கால் பெருவிரலப் பிடிச்சுக்கிட்டாக. எங்கிட்டக் கேட்ட மாதிரியும் இல்ல, சாமிகிட்டக் கேட்ட மாதிரியும் இல்ல. "இந்தத் தடவ நீ ஒண்ணையுமே பாக்கலையே, தாயி"ன்னு சொன்னாக. சொல்லிட்டு முந்தானைய வாயில திணிச்சுக்கிட்டாக. அப்பத்தான் வீட்டுக்காரவுக வாயத் தொறந்தாக. "அன்னைக்கும் நான்தாம்மா போட்டேன்." ரெண்டு வருசம் கழிச்சு! அவுகளத் திட்டக்கூட எனக்குத் தோணல.

ஒரு மாசம் கழிச்சு டிவித் துண்ட அத்தையே எடுத்து மடிச்சு வச்சாக. அவுக மன்னிப்புக் கேக்கல, நானும் எதிர்பாக்கல. அன்னைக்கு வார்டுல நடந்ததுல ஒண்ணு மட்டும் அவுகளுக்கும் தெரியாது, வீட்டுக்காரவுகளுக்கும் தெரியாது. எழுதக் கையி கூசுது, எழுதிடுறேன். அத்தை அந்தச் சொல்லச் சொன்னதும் எனக்கு மொதல்ல வந்தது 'அப்பாடா'. ஆமா, அதுதான் வந்துச்சு. அப்படின்னா அதுவும் நான் இல்ல. மொதப் பிள்ளைய நான் கொல்லல.

அப்புறம் அழுதேன். நர்ஸம்மா ஓடி வந்து தோளப் பிடிக்கிற அளவுக்குக் கத்தி அழுதேன். முந்தின நாளு போன பிள்ளைக்கு அழுகுறேன்னு எல்லாரும் நெனச்சு, அழட்டும்னு விட்டுட்டாக. நான் ரெண்டு வருசத்துக்கு முன்னாடி போனதுக்கு அழுதுக்கிட்டிருந்தேன்.