வெறும் சாக்கின் எடை

நமுனுகுல மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இராக்கம்மா இருபத்தாறு வருடமாகக் கொழுந்து பறிக்கிறாள். முதுகுவலியும் முழங்கால்வலியும் பழகிப்போயின. அரைப்பேர் மட்டும் பழகவில்லை. நாள் முழுக்கப் பறித்தும் பதினெட்டுக் கிலோ தேறாவிட்டால் அரைநாள் வேலை என்றுதான் பதிவார்கள். மழைநாளில் இன்னும் கொடுமை. நனைந்த சாக்கின் கனம் என்று கணக்கப்பிள்ளை நாலு கிலோ கழித்துவிடுவார். அந்தக் கனத்துக்கு அவர் கண்தான் தராசு. இந்த மாதமோ மழை விட்டபாடில்லை.

பள்ளிக்கூடத்து விஞ்ஞானக் கண்காட்சிக்கு மகள் இழுத்துப்போனபோது, உட்கார இடம் கிடைத்தால் போதுமென்றிருந்தது அவளுக்கு. கிடைத்த நாற்காலி சுபாஜினி டீச்சரின் மேசைக்கு எதிரே. மேசையில் ஒரு விண்வெளித் தொலைநோக்கியின் படம்.

"இது கண்ணுக்குத் தெரியாத சூட்டப் பாக்குதுக்கா," என்றாள் டீச்சர். "வானத்துல குளுந்த தூசி மேகம் இருக்கு. அதுக்குள்ளதான் நட்சத்திரம் பொறக்குது. எப்பிடிப் பொறக்குது, அங்க தண்ணி எவ்வளவு இருக்குன்னு தேடத்தான் இத அனுப்புறாங்க."

"இங்கருந்தே பாக்க ஏலாதா?"

"நம்ம காத்துல இருக்க ஈரம் மறைச்சிரும். மேல போனாலும் தொலைநோக்கிக் கண்ணாடியோட சொந்தச் சூடு கலந்துரும். அதக் குளிர வச்சு, மிச்சத்தக் கழிக்கணும்."

கழிப்பது என்றதும் இராக்கம்மாவின் தூக்கம் கலைந்தது.

"எவ்வளவு கழிக்கணும்னு யாரு சொல்றது?"

"யாரும் சொல்றதில்லக்கா. ஒண்ணுமில்லாத வெறும் வானத்தையும் அளப்பாங்க. அளந்ததத்தான் கழிப்பாங்க."

மறுநாளும் மழை. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அவள் சாக்கு இருபத்தொரு கிலோ காட்டியது.

"நாலு போனா பதினேழு. அரைப்பேர்," என்றார் கணக்கப்பிள்ளை.

இராக்கம்மா நகரவில்லை. "ஐயா, கொழுந்தக் கொட்டிட்டு வெறும் சாக்க நிறுங்க."

"என்ன புதுப் பழக்கம்?"

"நிறுங்க ஐயா. சும்மாதானே கேக்குறேன்."

வரிசையில் நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் சொட்டச் சொட்ட வெறும் சாக்கு தராசில் தொங்கியது. முள் ஒன்றரையில் நின்றது. கணக்கப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார். அப்போதும் ஒன்றரைதான். பத்தொன்பதரை என்று எழுதி முழுப்பேர் போட்டார்.

பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகச் சாக்கைக் கவிழ்க்கத் தொடங்கினார்கள். இராக்கம்மாவுக்குச் சந்தோசம் வரவில்லை. எவனோ வெறும் வானத்தைக்கூட அளந்து பார்த்திருக்கிறான். இந்தச் சாக்கை அளக்க இருபத்தாறு வருடம் ஆகியிருக்கிறது. நானாவது கேட்டிருக்கக் கூடாதா என்று நினைத்ததும் அழுகை முட்டியது. ஈரச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் லயத்து வீட்டுக்கு நடந்தாள்.