எல்லாக் கோப்பையும் நல்ல கோப்பை

அன்று காலை என் கைக்கு வந்த கோப்பைகளில் ஒன்றுகூடக் கெட்டது இல்லை. எனக்கு உடம்பு சரியில்லை என்பதற்கு முதல் அடையாளம் அதுதான். நானோ, சூளை நன்றாக எரிந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

அறுபதுகளின் கடைசி அது. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் தட்டிப் பார்க்கும் வேலையில் இருந்தேன். வெந்து வந்த கோப்பையை இடது கை விரல் நுனிகளில் நிறுத்தி, சின்ன மரக்குச்சியால் விளிம்பில் ஒரு தட்டு. நல்ல கோப்பை ‘ணங்’ என்று பாடும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் ‘டொக்’ என்று அடங்கிவிடும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். என் காதுதான் என் படிப்பு. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

அதற்கு முந்தின நாள் காணும் பொங்கல். ரயில்வே லைனுக்குப் பக்கத்து மைதானத்தில் சடுகுடு. என் வீட்டுக்காரர் எங்கள் தெருவுக்காக ஆடினார். புருஷன் ஆடுகிறார் என்ற பெருமையில் நான் கோட்டை ஒட்டி முதல் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டேன். பாடி வந்தவனைப் பிடிக்கப் பாய்ந்தவர், அவனையும் சேர்த்துக்கொண்டு என்மேல் வந்து விழுந்தார். எல்லைக்குப் பதித்திருந்த செங்கலில் என் பின்னந்தலை மோதியது. ஆடிய இரண்டு பேருக்கும் ஒரு சிராய்ப்பு இல்லை. வேடிக்கை பார்க்கப் போனவளுக்குத்தான் மண்டையில் அடி.

கொஞ்ச நேரம் நினைவில்லை. கண் விழித்தபோது, பிடிபட்ட ஆள் அவுட்டா இல்லையா என்று சுற்றிலும் சண்டை நடந்துகொண்டிருந்தது. வாய்கள் அசைந்தன. சத்தம் மட்டும் தண்ணீருக்கு அடியில் கேட்பதுபோல் வந்தது. யாரோ முகத்தில் சோடாவைப் பீய்ச்சினார்கள்.

“எழுந்திரு புள்ள. ரத்தமே வரல, ஒண்ணும் இல்ல” என்றார் என் வீட்டுக்காரர்.

கண்ணுக்குத் தெரியாத கீறலைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். ரத்தம் வரவில்லை என்றதும் நானும் நம்பிவிட்டேன். அவர் திரும்பக் களத்தில் இறங்கினார். மறுநாள் நான் வேலைக்குப் போனேன்.

அடுத்து வந்த நாட்களை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வெயில் கெட்டியாக இருந்தது. நடந்தால் தரை கொஞ்சம் தள்ளி இருந்தது. உலையில் அரிசி போட்டேனா என்று மூடியைத் திறந்து திறந்து பார்த்தேன். ஒரே சாயங்காலம் இரண்டு முறை வந்ததுபோல் இருந்தது. காதுக்குள் ஒரு மெல்லிய ‘ணங்’ ஓயாமல் கேட்டது. கோப்பை மேஜையில் உட்கார்ந்தால் எல்லாக் கோப்பையும் பாடியது. மனசு லேசாகக்கூட இருந்தது. இப்போது நினைத்தால் அந்த லேசுதான் பயமாக இருக்கிறது.

அந்த வாரமே மேஸ்திரி ஒரு கூடையோடு வந்து என் முன்னால் வைத்தார்.

“என்னாம்மா இது? எல்லாம் நீ பாத்து உட்டதுதான். தண்ணி ஊத்துனா ஒழுவுது.”

ஒரு கோப்பையை எடுத்துத் தட்டினேன். பாடியது. அவர் தண்ணீர் ஊற்றியதும் அதன் அடியில் நீர் கோத்து நின்றது. என் கண்முன்னால் ஒழுகுகிற கோப்பை என் காதுக்கு நல்ல கோப்பையாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பெரியாஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்தார்கள். மண்டையோடு உடையவில்லை. டாக்டர் பொறுமைசாலி. இது மூளை அதிர்வு (எலும்பு உடையாமல் உள்ளே இருக்கும் மூளை மட்டும் குலுங்கிப் போவது) என்றார். காதில் கேட்பது காது இரைச்சல் (வெளியே சத்தம் இல்லாமலே கேட்கும் ஒலி) என்றார்.

“போயிடுங்களா சார்?”

“போகலாம். போகாமலும் இருக்கலாம்மா. மொதல்ல வேலைக்குப் போகாதே. வெளிச்சம், சத்தம் எதுவும் வேணாம். இது ஆறுறதுக்குள்ள திரும்ப ஒரு அடி பட்டா, அது பெரிய ஆபத்து.”

கூட இருந்த என் வீட்டுக்காரர் சிரித்தார். “எனக்குக்கூட நாலஞ்சு தடவ இப்டி மயக்கம் வந்திருக்குது சார். சோடா அடிச்சிட்டு ஆட வேண்டியதுதான். எல்லாருக்கும் ஆவறதுதான?”

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். “ஒவ்வொரு தடவையும் பொழச்சிருக்கே” என்றார். என் வீட்டுக்காரரின் சிரிப்பு நின்றுவிட்டது.

வீட்டில் ஜன்னலுக்கு ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு அறையை இருட்டாக்கினார் என் வீட்டுக்காரர். பாத்திரங்களைத் துணிமேல் வைத்தார். சமைத்தார், அதைச் சமையல் என்று சொன்னால் அரிசி கோபித்துக்கொள்ளும். ஆட்டக்காரர்கள் வாசலில் வந்து கூப்பிட்டபோது, “நான் வரல, போங்கடா” என்று கிசுகிசுத்தார். நான் படுத்திருந்தேன். ஜங்ஷனிலிருந்து கிளம்பும் ரயில் ஒரு காது வழியாக வந்து மறு காது வழியாகப் போகும். ஒரு பகல் முடிந்து அடுத்த பகல் எங்கே தொடங்கியது என்று தெரியாது. தூக்கத்தில் கோப்பைகள் வரிசையாக வரும். எல்லாம் வெள்ளை. எல்லாம் பாடும்.

எனக்கு இருந்தது ஒரே பயம். காது திரும்பாவிட்டால் கம்பெனியில் எனக்கு மிச்சம் இருப்பது மண் சுமக்கும் வேலைதான். இந்தத் தலையில் மண்கூடையை ஏற்ற முடியாது. அப்புறம் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான். தட்டிப் பார்க்கிறவள் என்று என்னை ஊரில் பத்துப் பேருக்குத் தெரியும். அது போனால் நான் யார் என்று எனக்கே தெரியவில்லை.

தலைவலி குறைந்த பிறகு என் வீட்டுக்காரரைக் கம்பெனியிலிருந்து ஒரு நல்ல கோப்பையும் ஒரு கீறல் கோப்பையும் கொண்டுவரச் சொன்னேன். மத்தியானங்களில் மெதுவாகத் தட்டுவேன். இரண்டும் பாடும். கீழே வைத்துவிடுவேன்.

ஒரு மத்தியானம் நல்ல கோப்பையைத் தட்டிவிட்டு அதைக் கீழே வைக்க மறந்துபோனேன். சாக்கின் ஓட்டை வழியாக வந்த வெயிலில் தூசி மிதப்பதைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தேன். கோப்பையின் சத்தம் போய்க்கொண்டே இருந்து, மெலிந்து, எங்கோ நின்றது. என் காதுச் சத்தம் மட்டும் மிச்சம் இருந்தது. முதல் முறையாக இரண்டு சத்தமும் வேறு வேறு என்று தெரிந்தது. கீறல் கோப்பையை எடுத்துத் தட்டினேன். அதன் சத்தம் உடனே நின்றுவிட்டது.

அதுவரை நான் சத்தம் எப்படித் தொடங்குகிறது என்றுதான் கேட்டு வந்திருந்தேன். அன்றிலிருந்து அது எங்கே முடிகிறது என்று கேட்கத் தொடங்கினேன்.

வேலைக்குத் திரும்பியபோது மேஸ்திரிக்குப் பொறுமை இல்லை. “என்னாம்மா, கோப்பையக் கையில வச்சிக்கிட்டுத் தூங்கிறியா?”

“இல்லிங்க, முடியட்டும்னு பாக்குறேன்.”

சோதிப்பதற்கென்றே அவர் நல்லவற்றுக்கு நடுவே கீறல் விழுந்தவற்றைக் கலந்து வைத்திருந்தார். கீறல் விழுந்த எல்லாவற்றையும் தனியாக எடுத்துப் போட்டேன். அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பழைய வேகம் திரும்பி வரவே இல்லை. ஆனால் மேஜை என்னுடையதாகவே இருந்தது.

தலையில் அடிபட்டு இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ரத்தம் வரவில்லை என்று எழுந்து ஓடாதீர்கள். என் வீட்டுக்காரர் பிறகு ஆடவில்லை. சடுகுடுவுக்கு நடுவராக நின்றார். தலையில் அடிபட்டவன் யாராக இருந்தாலும் வெளியே உட்கார வைத்துவிடுவார். இரண்டு தெருக்காரர்களிடமும் திட்டு வாங்குவார்.

காலையில் நான் டீ கொடுக்கும்போது, “காதுல சத்தம் இருக்குதா புள்ள?” என்று கேட்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. “இருக்குது” என்பேன். வருஷக்கணக்காக இதே கேள்வி, இதே பதில்.

எழுபதுகளின் நடுவில் ஒரு காலை. வழக்கம்போல் அவர் கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் கவனித்தேன். சத்தம் அப்போதுதான் தொலைவிலிருந்து மெல்ல வந்துகொண்டிருந்தது.

“இப்பதாங்க வந்துச்சு” என்றேன்.

“இம்மா நேரம் எங்க போயிருந்துச்சாம்?”

“தெரியல. போனதே எனக்குத் தெரியல.”

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கேட்டால்தான் அது வருகிறது என்று தோன்றியதோ என்னவோ, அதன்பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

அது எப்போது போனது, ஒரு ராத்திரி இல்லாமல் இருந்ததா, ஒரு மாதம் இல்லாமல் இருந்ததா, எனக்குத் தெரியாது. அவ்வளவு நாளும் நான் உடம்பு தேறிய பெண்ணாகத்தான் நடமாடியிருக்கிறேன். அது எனக்குத்தான் தெரியாமல் போயிருக்கிறது.