லோகநாயகி தண்ணீர் குடித்த நாட்கள்

கோட்டைக்குப்பம் லோகநாயகி மீன் விற்கப் போகும் நாட்களில் தண்ணீர் குடிக்க மாட்டார். விடியற்காலையில் ஏலத்துக்குக் கிளம்பும்போது அரை டம்ளர் டீ, அவ்வளவுதான். பிறகு அன்னக்கூடை நிறைய மடவை மீனும் கிழங்கான் மீனும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, திருப்பாலைவனத்தில் தெருத்தெருவாக விற்று, மத்தியானம் வீடு திரும்பும் வரை தொண்டையில் ஒரு சொட்டு இறங்காது. வெயிலைப் பார்த்து இரக்கப்பட்டு யாராவது சொம்பை நீட்டினால் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். குடித்தால் ஒதுங்க வேண்டும். மீன்காரியை எந்த வீட்டில் கொல்லைப்புறம் வரை விடுவார்கள்? அந்தப் பக்கம் கூடை தூக்கும் பெண்கள் எல்லோருக்கும் இதே பழக்கம்தான்.

இதெல்லாம் அவரே என்னிடம் சொன்னது. நான் கிறிஸ்டினா, சுண்ணாம்புக்குளத்துக்காரி. ஓர் அரசு ஆஸ்பத்திரியில், பெண்கள் எலும்பு வார்டில் நர்ஸ். ஏலம் நடக்கிற இடத்தில் மீன் கழுவிய தண்ணீரில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து வந்து சேர்ந்தார் லோகாம்மா. கூட மீன் விற்கும் தேவகி என்பவர் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, வீட்டில் பிள்ளைகள் தனியாக இருப்பதாகச் சொல்லிக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வரும்போது லோகாம்மாவுக்குச் சிறுநீர் டியூப் போட்டிருந்தது. அதன் முனையில் ஒரு பை, கட்டில் கம்பியில் தொங்கியது.

எல்லோரும் அந்த டியூபைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். இவர் முகம் மலர்ந்தது.

"எங்கயும் எழுந்து போவத் தேவையில்லையா? அதுவா போயிடுமா?"

"ஆமாம்மா."

"அப்ப நான் எவ்ளோ வேணா குடிக்கலாமா?"

"குடிங்க. நல்லா குடிக்கணும்."

குடித்தார் பாருங்கள், அப்படி ஒரு குடி. பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர், காலையில் காபி, டீக்காரர் வரும்போதெல்லாம் டீ. "இத்தினி வருசம் இது எங்க இருந்துச்சு? கூடயோட சேத்து ஒண்ணு குடுத்திருந்தா நிம்மதியா வியாபாரம் பண்ணியிருப்பேனே" என்று சொல்லி வார்டையே சிரிக்க வைத்தார். வீட்டுக்குப் போகும்போது கையோடு கொடுத்தனுப்புவீர்களா என்றுகூடக் கேட்டார். நானும் சிரித்தேன். பிறகு டியூபை எடுக்க வேண்டிய நாள் வந்தது. சிரிப்பும் அதோடு நின்றது.

டியூப் என்பது வெளியிலிருந்து மூத்திரப்பைக்கு நேராகப் போகும் வழி. அந்த வழியில் கிருமியும் போகும். கையைக் கழுவிவிட்டுத் தொட்டாலும், பையைத் தரையில் படாமல் தொங்கவிட்டாலும், டியூபும் பையும் சேரும் இடத்தைக் கழற்றாமல் வைத்திருந்தாலும், அது உள்ளே கிடக்கக் கிடக்க ஆபத்து கூடிக்கொண்டேதான் போகும். தேவை முடிந்ததும் உருவி எடுப்பதுதான் இருப்பதிலேயே நல்ல மருந்து. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

எடுத்துவிட்டால் அவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்கு நடக்க வேண்டும். பக்கத்தில் ஓர் ஆள் பிடித்துக்கொள்ள வேண்டும். எங்கள் வார்டில் அந்த வேலை கூட இருப்பவர்களுடையது. ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு மகளோ தங்கையோ தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். லோகாம்மா கட்டிலுக்குக் கீழே அவருடைய செருப்பு மட்டும் கிடந்தது.

"எம்புள்ள ராகுல் மங்களூர்ல மீன்புடி லாஞ்சுல கீறான். சேதி போயிடுச்சு, வந்துகினே கீறான். அவன் வந்ததும் எடுத்துடலாம்."

ரவுண்ட்ஸில் டாக்டர் எழுந்து நிற்கச் சொன்னால் தலையைப் பிடித்துக்கொள்வார். "கிறுகிறுன்னு வருது டாக்டரே." சரி, நாளைக்குப் பார்க்கலாம் என்று டாக்டர் நகர்ந்துவிடுவார். மறுநாளும் அதே கிறுகிறுப்பு. நான் முறைத்தால் கண்ணை மூடிக்கொள்வார். வார்டு முழுவதற்கும் நர்ஸ்கள் இரண்டே பேர். அவர் நடிப்பது தெரிந்தும் நின்று சண்டை போட எனக்கு நேரமில்லை.

அப்படியே இழுத்தடித்ததில் ஒரு நாள் காலை குளிர்காய்ச்சல் வந்தது. கட்டிலே ஆடுகிற மாதிரி நடுக்கம். பையில் இருந்த சிறுநீர் கலங்கிப்போய் நாற்றமடித்தது. டாக்டர் டியூபை எடுக்கச் சொல்லி, பரிசோதனைக்கு அனுப்பி, ஊசி மருந்து எழுதினார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. பையைத் தொட்டது யார், தரையில் வைத்தது யார் என்று கத்தினேன்.

பக்கத்துக் கட்டில் ஆரோக்கியமேரி மெல்லச் சொன்னார். "யாரும் தொடல சிஸ்டர். அவங்களேதான். தினம் சாயங்காலம் ஆளுங்களை உள்ள வுடுற நேரத்துக்கு, பைய எடுத்து வயித்து மேல வச்சுப் போர்வையால மூடிக்குவாங்க. தலைய வாரிக்குவாங்க. மூஞ்சி தொடச்சிக்குவாங்க. எல்லாரும் கிளம்பின அப்புறம்தான் திரும்ப மாட்டுவாங்க."

"யாரு வந்தாங்க இவங்களைப் பார்க்க?"

"யாரும் வரல சிஸ்டர். ஒரு நாள்கூட."

எனக்கு அந்த நேரத்தில் மருந்து வண்டி தள்ளுகிற வேலை. நோயாளிகளைச் சுற்றி ஜனம் நிற்கும், கட்டில் கம்பி கண்ணில் படாது. பை உடம்பை விட மேலே இருந்தால் அதில் தேங்கியது டியூப் வழியாகத் திரும்ப உள்ளே போகும். காய்ச்சல் அதனால்தான் வந்தது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் வராத விருந்தாளிக்கு வெட்கப்பட்டு, தினமும் இந்த அம்மாள் அந்த வேலையைத்தான் செய்திருக்கிறார். கோபம் போன இடம் தெரியவில்லை. பாவமாக இருந்தது, தாங்க முடியாத அளவுக்கு.

மத்தியானம் அவர் காய்ச்சலில் கண் செருகிக் கிடந்தபோது தலையணைக்கு அடியில் போன் அடித்தது. எடுத்தேன். தேவகி.

"லோகா, இன்னாமே, எப்படிக் கீற? புள்ள நல்லா பாத்துக்கிறானா?"

"புள்ளையா? நான் நர்ஸ் பேசறேன். இங்க யாரும் வரலையேம்மா."

தேவகி சொன்னார்: "அவன் வந்துட்டான், ராவும் பகலும் கூடவே கீறான், நீங்க யாரும் பொழப்ப வுட்டுட்டு வராதீங்கன்னு அவதானே போன்ல சொன்னா."

மகனுக்கும் தகவல் போகவில்லை என்று பிறகு தெரிந்தது. கடலில் இருக்கிறவனைக் கலங்கடிக்க வேண்டாம் என்று, விழுந்ததையே அவனிடம் சொல்லவில்லை. ஊர்க்காரர்களைப் பொறுத்தவரை மகன் வந்துவிட்டான். மகனைப் பொறுத்தவரை அம்மா ஊரில் சுகமாக இருக்கிறாள். இரண்டு பக்கமும் கதவைச் சாத்திவிட்டு, தலையை வாரிக்கொண்டு, யாராவது வருவார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

மறுநாள் காய்ச்சல் இறங்கியது. தேவகி போனில் அவரைக் கிழி கிழியென்று கிழித்தார். சத்தம் எனக்கே கேட்டது. "ஏன்டி, கூடைய தலையில ஏத்த ரோட்டுல போறவனைக்கூட கை குடுன்னு கூப்புடுறியே, இதுக்கு மட்டும் வாய் இல்லையா ஒனக்கு? நாளைக்கு வரேன், இரு." ராகுலுக்கு நான் போட்ட போன் கிடைக்கவில்லை. கரை திரும்பினால்தான் கிடைக்கும்.

சாயங்காலம் பார்வையாளர்கள் வந்தார்கள். லோகாம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். மூட டியூபும் இல்லை, பையும் இல்லை. மேஜையில் நான் வைத்த தண்ணீர் பாட்டில் வைத்தபடியே இருந்தது. உதடு வெடித்திருந்தது. டியூப் போனதும் மீன்கூடைப் பழக்கத்துக்கே திரும்பிவிட்டார்.

மருந்து வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அவர் கட்டிலில் உட்கார்ந்தேன். திட்டத்தான் போனேன். திட்டு வரவில்லை.

"தண்ணி குடிக்கலைன்னா காய்ச்சல் திரும்ப வரும் லோகாம்மா. குடிங்க. எத்தனை தடவை வேணாலும் கூப்பிடுங்க. நான் வரேன், இல்லைன்னா ஆளை அனுப்பறேன்."

"ஒனக்கு ஆயிரம் வேலை."

"இருக்கட்டும்."

எதிர்க் கட்டிலில் யாரோ பேரக் குழந்தையைக் கொஞ்சிக்கொண்டிருந்தார்கள். லோகாம்மா என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"கண்ணு, காலையிலேர்ந்து அடக்கிகினு கீறேன். கொஞ்சம் கூட வரியா?"

வாக்கரைக் கொடுத்து, இடுப்பைத் தாங்கி, அடி அடியாக அழைத்துப் போனேன். நடையின் கோடியில் இருக்கும் கழிப்பறைக்குப் போய்ச் சேரவே வெகு நேரமாயிற்று. உயரமான கழிப்பறைக் கோப்பையில் உட்கார வைத்துக் கதவை ஒருக்களித்துவிட்டு வெளியே நின்றேன். நடையில் எல்லோரும் விடைபெற்றுப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"போயிட்டியா?" என்றார் உள்ளேயிருந்து.

"இங்கதாம்மா இருக்கேன்."

"போயிடாத, இன்னா?"

அவர் எழுந்துகொள்ளும் வரை அதையே கேட்டுக்கொண்டிருந்தார். நானும் இங்கேதான் இருக்கிறேன், இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.