மதிலில்லாத ஊரை அளந்தவர்

கிரில் பொருத்தி முடித்ததும் இரண்டு கைகளாலும் கம்பியைப் பற்றி மூன்று முறை உலுக்குவார் தயாளன். முதல் உலுக்கலில் வீடே அதிரும். இரண்டாவதில் சுவரிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு உதிரும். மூன்றாவது உலுக்கல் வீட்டுக்காரருக்காக. "பாத்துக்கிட்டீங்களா? யானை வந்தாலும் பேரு எழுதிக் குடுத்துட்டுத்தான் உள்ள போகணும்" என்பார். வீட்டுக்காரர் சிரித்தால் வேலை முடிந்தது. சிரிக்காவிட்டால் நான்காவது முறையும் உலுக்குவார்.

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் ஒரு சந்துக்குள் இருக்கிறது அவருடைய பட்டறை. வாசலுக்கும் ஜன்னலுக்கும் இரும்புக் கிரில் அடிப்பது இருபத்தெட்டு வருடத் தொழில். முன்கை முழுக்கப் பொறி பட்ட புள்ளிகள், எள் போட்ட முறுக்கு மாதிரி. ஹொக்கியன் சீனத்தில் பேரம் பேசுவார், மலாயில் நலம் விசாரிப்பார், தமிழில் சலித்துக்கொள்வார். இடுப்பில் அளவு டேப் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. துக்க வீட்டுக்குப் போனாலும் கண் முதலில் ஜன்னலைத்தான் அளக்கும். அவர் போகும் தமிழ்த் திருச்சபையின் பெஞ்சு பன்னிரண்டே கால் அடி என்பது போதகருக்கே அவர் சொல்லித்தான் தெரியும். "எட்டுப் பேர் தாராளமா உக்காரலாம். ஒம்பதாவது ஆளு மெலிஞ்சவரா இருக்கணும்."

ஒரு விஷயத்தை மட்டும் அவர் யாரிடமும் சொன்னதில்லை. எவ்வளவு தடித்த கம்பியானாலும் இரும்பு அறுக்கும் பேட்டரி கிரைண்டருக்கு அது நான்கு நிமிட வேலை. பினாங்கில் இதை அவரைவிட நன்றாக அறிந்தவர்கள் திருடர்கள் மட்டும்தான்.

ஒன்பது வருடங்களுக்கு முன் ஒரு கிறிஸ்துமஸ் காலையில், தயாளனும் மனைவி சந்திரிகாவும் ஆராதனை முடிந்து கெலுகோர் வீட்டுக்குத் திரும்பியபோது பின்கதவு கழற்றப்பட்டுச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. வளையல்கள் போயிருந்தன. அதையாவது அவர் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது கேக். "கேக்கை வெட்டித் தின்னுட்டு, கத்தியக் கழுவி வச்சுட்டுப் போயிருக்கான்லா! சொந்த வீடு மாதிரி!"

அந்த வாரமே மூன்று அடுக்குக் கிரில் ஏறியது. ஏழு பூட்டுகள். கூடவே எழுதப்படாத ஒரு சட்டமும் வந்தது: வீடு ஒரு நிமிடம்கூடக் காலியாக இருக்கக்கூடாது. அன்றிலிருந்து எட்டு மணி ஆராதனைக்கு அவர் போவார், திரும்பி வந்ததும் பதினொரு மணி ஆராதனைக்குச் சந்திரிகா போவார். சபையார் கேலிக்குக் குறைவில்லை. "என்னண்ணே, ஜாகா ஷிப்டு மாத்தியாச்சா?" என்று காவல்காரனைக் கேட்பதுபோல் கேட்பார்கள். கல்யாண வீடென்றால் ஆலயத்துக்கு ஒருவர், விருந்துக்கு ஒருவர். ஒன்பது வருடமாகக் கணவனும் மனைவியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததில்லை.

இருவரும் சேர்ந்து வெளியே போனது ஒரே ஒரு முறைதான். மகள் சுபாஷினியின் திருமணம் கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், புக்கிட் மெர்தாஜாமில். பெற்றோர் இரண்டு பேரும் போகாமல் தீராது. நண்பர் சின்னையாவைக் கெஞ்சி வீட்டில் உட்கார வைத்துவிட்டுப் பாலம் கடந்தார் தயாளன். கடந்ததிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு போன். "பின்பக்கம் பாத்தியா? சத்தம் ஏதும் கேட்டுச்சா?" சின்னையாவுக்கே வெறுத்துவிட்டது. "ஒரே ஒரு சத்தந்தான்டா, உன் போன் சத்தம்!" இந்தப் பதிலைக் கேட்டபோது அவர் ஆலயத்துக்கு வெளியே, கார் நிறுத்துமிடத்தில் நின்றிருந்தார். உள்ளே தாலி ஏறிக்கொண்டிருந்தது.

அந்த நொடியின் படம் அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. மாப்பிள்ளை, பெண், போதகர், சந்திரிகா. சந்திரிகாவுக்கு வலப்பக்கம் ஓர் ஆள் அகலத்துக்கு வெறும் சுவர். பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலையில் முப்பது வருடம் பூதக்கண்ணாடி வழியே நுண்ணிய தவறுகளைக் கண்டுபிடித்த சந்திரிகா, அந்த இடைவெளியைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசினார். "எனக்கு வளையல் திரும்ப வேணாம். ஒரு ஞாயித்துக்கிழமை நீங்க எம்பக்கத்துல உக்காந்தாப் போதும். நமக்கும் வயசாவுது." தயாளன் டேப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

இந்த வருடத் தவக்காலத்தில், சனிக்கிழமை மாலைகளில் பல்கலைக்கழகப் பேருந்து ஓட்டும் ஜெயராஜ் வீட்டில் வேதப் படிப்பு நடந்தது. எபிரேயத் தீர்க்கதரிசி சகரியாவை எடுத்திருந்தார்கள். ஜெயராஜ் வயதில் இளையவர். "குரல் வளம் உங்களுக்குத்தான்ணே" என்று வாசிக்கும் பொறுப்பைத் தயாளன் தலையில் கட்டிவிடுவார். கிரைண்டர் இரைச்சலை மீறிப் பேசிப் பழகிய குரல் அது, நாலு வீடு தாண்டிக் கேட்கும்.

இரண்டாம் அதிகாரத்தைத் தொடங்கியவர் முதல் வரியிலேயே நின்றுவிட்டார். தீர்க்கதரிசி கண்ணை ஏறெடுக்கிறார், எதிரே கையில் அளவுநூலோடு ஒரு மனிதன். எங்கே போகிறாய் என்று கேட்டால், எருசலேமின் நீள அகலத்தை அளக்க என்கிறான்.

"டேய் ஜெயா, இவன் நம்ம தொழில்காரன்லா!"

அறை முழுக்கச் சிரித்தது. தயாளன் ஆர்வத்தோடு மேலே வாசித்தார், சக தொழிலாளிக்கு வேலை கிடைத்ததா என்று தெரிந்துகொள்ள. கிடைக்கவில்லை. ஒரு தூதன் அவனைத் தேடி ஓடி வருகிறான். அளக்க வேண்டாம், இந்த ஊருக்கு மதிலே இருக்கப்போவதில்லை, உள்ளே மனிதரும் ஆடுமாடும் அவ்வளவு பெருகிவிடும், ஆண்டவரே சுற்றிலும் நெருப்பு மதிலாய் நிற்பார் என்று செய்தி.

தயாளன் கண்ணாடியைக் கழற்றினார். "மதில் இல்லன்னா ராத்திரி யாரு தூங்குறது?"

"அந்த ஊருக்கு ஒரு ராஜா வர்றாருண்ணே, ஒம்பதாம் அதிகாரத்துல" என்றார் ஜெயராஜ். "மேசியா. நீங்களே வாசிங்க."

வாசித்தார். ராஜா வருகிறார், நீதியுள்ளவர், மீட்பவர். ஆனால் சாந்தமாக, ஒரு கழுதைக் குட்டியின் மேல் ஏறி வருகிறார். தேர் இல்லை. குதிரை இல்லை. குழியில் அடைபட்டவர்களை விடுவிக்கிறார்.

"பாடிகார்டு?"

"ஒருத்தரும் இல்ல."

அன்று வீட்டுக்கு வந்து ஏழு பூட்டுகளையும் திறக்க நேரமெடுத்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் சந்திரிகா சாவிக் கொத்தோடு காத்திருந்தார். இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்து அவர் நின்ற விதத்தை அப்போதுதான் தயாளன் கவனித்தார். "என்ன பாக்குறீங்க?" என்றார் சந்திரிகா. "திருடன் வெளிய சுத்துறான். உள்ள இருக்கறது நான்தான்."

அதன் பிறகு இரண்டு வாரம் பட்டறையில் அந்த அளவுநூல்காரன் அவரை விடவில்லை. தொழில்முறையிலேயே யோசித்தார். அளப்பதென்றால் எங்கேயோ ஓர் ஓரம் இருக்க வேண்டும். ஓரமே இல்லாமல் வளரும் ஊரை என்னவென்று அளப்பது? "அதுக்குக் கொட்டேஷன் போட முடியாதுலா" என்று வெல்டிங் முகமூடிக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். வாடிக்கையாளர்களிடம் தன்னுடைய ரகசியத்தை உடைக்கவும் தொடங்கினார். "ஐயா, இது உங்களைக் காப்பாத்தாது. திருடனுக்கு நாலு நிமிஷம் லேட் ஆகும். அவ்வளவுதான்." ஆச்சரியம், ஒருவரும் ஆர்டரை ரத்து செய்யவில்லை. ஒரு சீனப் பாட்டி மட்டும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அப்படியானால் நீ எப்படித் தூங்குகிறாய் என்று ஹொக்கியனில் கேட்டாள்.

பதில், அந்த ராஜா கழுதையில் ஊருக்குள் வந்ததை நினைக்கும் குருத்தோலை ஞாயிறன்று காலை, கோப்பி மேசையில் வந்தது. அந்தக் கழுதை ராஜாவை அந்த வாரக் கடைசியில் சிலுவையில் அறைந்து புதைத்த கதையை அவர் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர். ஆனால் இரும்புக்காரனாக ஒருநாளும் கேட்டதில்லை.

"சந்திரா, அவரைப் புதைச்சு என்ன பண்ணாங்க? வாசல்ல ஒரு பாறைய உருட்டினாங்க. அதுக்கு மேல சீல் வச்சாங்க. சீலுக்கு மேல ஜாகா போட்டாங்க. மூணு அடுக்கு! நம்ம வீடு மாதிரியே!" குரல் அடுத்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. "உலகத்துலயே கெட்டியான பூட்டு சாவுதான். அதையே அவரு உள்ள இருந்து திறந்துட்டு வந்துட்டாருலா! அப்படிப்பட்டவரு நம்மளச் சுத்தி நிக்கிறாரு. நான் என்னடான்னா ஒம்பது வருஷமா ஒரு கேக்குக்குக் காவல் இருக்கேன்."

சந்திரிகா கோப்பையைக் கீழே வைத்தார்.

"புடவையக் கட்டு. எட்டு மணிக்கு ரெண்டு பேரும் போறோம்."

"வீடு?"

"வீடு இருக்கும்."

"இல்லாமப் போச்சுன்னா?"

தயாளன் சாவிக் கொத்தை எடுத்தார். பொய் சொல்லத் தெரியாத முகம். "போனாப் போவட்டும். அதோட நாம போயிட மாட்டோம்."

ஏழு பூட்டுகளில் வாசல் பூட்டை மட்டும் போட்டார்கள். பூச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு சலேஹா அக்கா, இரண்டு பேரையும் ஒரே காரில் கண்டதும் குழாயை மூட மறந்தார். "என்ன தம்பி, ஜோடியாக் கெளம்பிட்டீங்க? வீட்டுக்குள்ள பாம்பு கீம்பு வந்துருச்சா?"

"இல்லக்கா. ராஜா வர்றாரு, பாக்கப் போறோம்."

ஆலய வளாகத்தைச் சுற்றி ஆளுக்கொரு குருத்தோலையோடு சபையார் நடந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சாலையில் போன பேருந்து வேகம் குறைத்தது. உள்ளே நுழைந்ததும் ஜெயராஜ் அந்த ஒன்பதாம் அதிகாரத்தை வாசித்தார். கழுதைக் குட்டி வந்த இடத்தில் அவர் கண் தயாளனும் சந்திரிகாவும் சேர்ந்து உட்கார்ந்திருந்த மூன்றாவது பெஞ்சுக்குப் போயிற்று.

பிறகு ஓசன்னா பாடினார்கள். தயாளன் வாயைத் திறந்ததும் கீபோர்டு வாசித்த பெண் திரும்பிப் பார்த்தாள். பட்டறைக் குரல், சுருதியைவிடக் கொஞ்சம் மேலே, கூரைத் தகரத்தைத் தொட்டுத் திரும்பியது. ஓலையை அவர் ஆட்டிய வேகத்தில் முன் பெஞ்சுக்காரர் குனிந்துகொண்டார். சந்திரிகாவால் பாட முடியவில்லை. ஒன்பது வருடமாக ஆலயத்தில் பாடிக் கேட்காத குரல் அது. ஓலைக்குப் பின்னால் முகத்தை மறைத்து, அழுவதும் சிரிப்பதுமாக நின்றார். அடுத்த அடியில் அவரும் சேர்ந்துகொண்டார், கணவரைவிட உரக்க.

ஆசீர்வாதம் முடிந்தது. எல்லோரும் தேநீருக்காகப் பக்கத்து மண்டபத்துக்கு நகர்ந்தார்கள். பழக்கம் யாரைத்தான் விட்டது, சந்திரிகா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "மணி பத்தாவுது. போலாமா? வீடு தனியா கெடக்கு."

தயாளன் குனிந்தார். வலது காலணியின் நாடாவை அவிழ்த்தார். பிறகு இடதை. இரண்டையும் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு, காலுறையோடு கால்களை நீட்டி, பெஞ்சின் முதுகில், சந்திரிகாவின் இடத்துக்குப் பின்னால், கையை அகலப் போட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார்.