ஆட்டம் எங்களுடையது, பெயர் அவர்களுடையது

எனக்கு எதிலும் முதலில் சந்தேகம்தான் வரும். அந்த மெயில் வந்தபோதும் அப்படித்தான். நாங்கள் வெளியிட்ட கம்ப்யூட்டர் கேமின் பெயரில் தங்கள் டிரேட்மார்க் இருக்கிறது, உடனே மாற்றுங்கள் என்று ஒரு வெளிநாட்டு கம்பெனியின் வக்கீல் எழுதியிருந்தார். எவனோ ஏமாற்றுக்காரன் மிரட்டிப் பார்க்கிறான் என்றுதான் நினைத்தேன்.

நானும் என் அக்கா வீட்டுக்காரரும் சேர்ந்து எழுதிய கேம் அது. நான் குரும்பலூர், அவர் மீன்சுருட்டி. கட்டை அடுக்கி ஊர் கட்டும் ஒரு பிரபலமான கேமைப் பார்த்து, அதே மாதிரி ஒன்றை முதல் வரியிலிருந்து நாங்களே எழுதினோம். படமும் சத்தமும்கூட எங்களுடையவை. ஓப்பன் சோர்ஸ் என்பதால் யார் வேண்டுமானாலும் எடுத்து ஆடலாம், பிரித்துத் திருத்தலாம். பெயர் வைப்பதில் மட்டும் எனக்குச் சோம்பேறித்தனம். அந்தப் பிரபலமான பெயருக்கு முன்னால் 'ஃப்ரீ' என்று ஒட்டிவிட்டேன். அதைத் தேடி வருகிறவர்கள்தான் எங்கள் கேமையும் கண்டுபிடித்தார்கள். பெயர் போனால் அவர்களும் போய்விடுவார்கள்.

அரியலூர் கோர்ட்டுக்குப் போய்த் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் மெயிலைக் காட்டினேன்.

"இது நெசந்தாங்க. அதே மாதிரி கேம் எழுதினதுக்கு அவங்க ஒண்ணும் சொல்லல. பேருக்குத்தான் சண்ட. பேசாம மாத்திட்டுப் போங்க" என்றார்.

வெளியே வந்ததும் சந்தேகம் வேறு பக்கம் திரும்பியது. எங்கள் தெருவிலேயே யாருக்கும் தெரியாத கேம், கடல் தாண்டி இருக்கிறவனுக்கு எப்படித் தெரிந்தது? யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெயர் வேண்டாம் என்று முதலிலேயே முனகியவர் மச்சான் ஒருவர்தான். மெயிலைப் பற்றிப் போனில் சொன்னபோதும் அவர் பதறவே இல்லை. வீட்டுக்குப் போகப் பெரம்பலூர் பஸ்ஸில் ஏற வேண்டியவன், மச்சான் வீட்டுக்குப் போக ஜெயங்கொண்டம் பஸ்ஸில் ஏறினேன்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே கேட்டேன். "மச்சான், அவங்களுக்குச் சொன்னது நீங்கதானே?"

மழுப்புவார் என்று நினைத்தேன்.

"ஆமா மாப்ள, நான்தான் எழுதினேன். ஒருத்தர் பேர எடுக்கிறோம், ஒரு வார்த்த கேட்டுக்க வேணாமா? பங்காளி வூட்டுப் பெரியவர் பேர நம்ம புள்ளைக்கு வச்சாக்கூடப் போயி சொல்லிட்டு வரமாட்டமா? மரியாதையா கேட்டா, வச்சுக்கங்கன்னு சொல்லிடுவாங்கன்னு நெனச்சேன்."

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். துரோகம் என்றாலாவது சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். இந்த வெள்ளை மனசை என்ன செய்வது? ஆனால் முன்பின் தெரியாத கம்பெனியிடம் அனுமதி கேட்டவர், கூட உட்கார்ந்து எழுதிய என்னிடம் வாயே திறக்கவில்லை. அதுதான் எனக்குச் சுட்டது. அக்கா போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாளே பெயரை மாற்றினேன். புதுப் பெயரை நானே யோசித்து வைத்தேன், அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.